ஓர் எச்சரிக்கை விளக்கு ஓய்வுபெற்ற வரலாறு

பழுதைக் கண்டுபிடிப்பது சாதாரண மூளைகளின் வேலை. அந்தப் பழுது எந்தத் தேதியிலிருந்து பழுதாகத் தொடங்கலாம் என்று தீர்மானிக்கத்தான் மேதைகள் வேண்டும். அப்படிப்பட்ட மேதைகள் ஐந்து பேர் 2004 நவம்பரில், எண்ணூரில், கீழைக்கடல் கெமிக்கல்ஸ் என்ற ஆலையில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாட்டின் நல்லகாலம் அது.

ஆலையின் வாகனக் கொட்டகையில் எலக்ட்ரீஷியன் பீம்ராவ். வியாசர்பாடிக்காரன். ஏழு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அவசரப்பட்டு நிரந்தரமாக்கி அவனை மூச்சுத்திணற வைக்க நிர்வாகம் விரும்பவில்லை. ஒருவழியாக அந்த மாதம்தான் அவனுடைய ஃபைல் பொது மேலாளரின் மேஜைக்கு வந்திருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. கிடைத்தால் உத்தியோகம். இல்லையென்றால் திரும்பவும் ஒப்பந்தம்.

பொது மேலாளரின் கார் டிரைவர் பக்தவச்சலம் ஒரு காலையில் கொட்டகைக்கு வந்தார். கையில் டீ இருந்தது. ஆறிப்போயிருந்தது.

“பீமு, இந்த வண்டி என்னைக் கொல்லாம வுடாது போலகீதுப்பா.”

“இன்னா பண்ணிச்சுண்ணே?”

“திருவொத்தியூராண்ட டிரெய்லருங்க பின்னாடி ஊந்துகினு வரேன். நடக்கற ஸ்பீடுதான். பிரேக்க மிதிச்சா பெடலு டரடரன்னு கால ஒதைக்குது. வண்டி அது பாட்டுக்குப் போய்க்கினே கீது. டிரெய்லர்ல நீட்டிக்கினு இருந்த கம்பிக்கும் எனுக்கும் ரெண்டு சாண். அப்பால சாவகாசமா மஞ்ச லைட்டு எரியுது. ஏபிஎஸ்ஸாம்.”

“லைட்டாவது எரிஞ்சுதே. மரியாத தெரிஞ்ச வண்டி.”

“கிண்டலு பண்ணாத நைனா. எனுக்கு ரெண்டு பொண்ணு கீது.”

பீம்ராவ் வண்டியை ஜாக்கியில் தூக்கினான். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் விரல் நீளத்தில் ஒரு சென்சார் உண்டு. பிரேக் போடும்போது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பெட்டிக்கு, சக்கரம் சுற்றும் வேகத்தைச் சொல்வது அதன் வேலை. ஒரு சக்கரம் மட்டும் நின்றுவிட்டது என்று அது சொன்னால், வழுக்குகிறது என்று எண்ணி, பெட்டி அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்தும். சென்சார் பொய் சொன்னாலும் பெட்டி நம்பும். கேட்டதை நம்பி மேலே நடவடிக்கை எடுப்பதில் அது ஒரு சிறந்த நிர்வாகி.

மீட்டரை மாட்டி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தான். மூன்று ஒழுங்காக வோல்ட் காட்டின. முன்பக்க இடது சக்கரத்தில் முள் சோம்பலாக அசைந்தது. ஒயரை லேசாக வளைத்ததும் படுத்துவிட்டது. உறையைக் கீறினான். உள்ளே செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்து, மாவாக உதிர்ந்தது. மொத்தம் பதினைந்து நிமிடம்.

புது சென்சார் வாங்க வேண்டுமானால் பழுதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினான். ஆலையின் நற்பெயருக்கு எதிராக அவன் செய்த முதல் காரியம் அது.

ஏனென்றால் இருபத்தாறாம் தேதி பாதுகாப்பு விருதுக்கான தணிக்கை. பதிவேட்டில் வாகனப் பழுது இருந்தால் ஐந்து மதிப்பெண் போகும். அவசரக் கூட்டம் கூடியது. பீம்ராவையும் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி ஃப்ளோரன்ஸ் மேடம் பதிவேட்டை இரண்டு விரலால் நகர்த்தினார்.

“பீம்ராவ், இது பழுதா, இல்ல உங்க அபிப்பிராயமா?”

“ஒயரு அறுந்துகீது மேடம்.”

“அறுந்த மாதிரி உங்களுக்குத் தோணுது.”

பொது மேலாளர் கை உயர்த்தினார். அவர் நியாயவாதி. “பழுதே இல்லைன்னு நான் சொல்லல. இருக்கட்டும். இருபத்தேழாம் தேதியிலேர்ந்து இருக்கட்டும்.”

‘மேற்படி பழுது 27.11.2004 காலை பத்து மணிக்குக் கண்டறியப்படும்’ என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பதிவேட்டின் பக்கம் மாற்றி எழுதப்பட்டது. ஒரே சிக்கல், மஞ்சள் விளக்குக்குத் தீர்மானத்தின் நகலை அனுப்ப முடியாது.

“பல்பைக் கழட்டிடுங்க” என்றார் ஃப்ளோரன்ஸ் மேடம்.

“அப்ப ஏபிஎஸ் ஃபியூஸையும் புடுங்கிடலாம் மேடம். சாதா பிரேக்கு வேல செய்யும். வண்டி நிக்கும்.”

அறை திடுக்கிட்டது. அந்த மேஜையில் ‘வண்டி நிற்கும்’ என்று யாரும் அதுவரை இவ்வளவு அநாகரிகமாகப் பேசியதில்லை.

“பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்க வைக்கறதா? தணிக்கைப் படிவத்துல ஏபிஎஸ்ஸுக்கு மூணு மார்க்!”

“பல்பு?”

“பல்புக்கு மார்க் கிடையாது.”

பொது மேலாளர் கனிவோடு சொன்னார்: “உங்க ஃபைல் என்கிட்டதான் இருக்கு, பீம்ராவ். நல்ல ஃபைல்.”

பீம்ராவ் பல்பைக் கழற்றினான். விளக்கு சகல மரியாதைகளுடன் ஓய்வுபெற்றது.

இருபத்தைந்தாம் தேதி மாலை பக்தவச்சலம் மறுபடி வந்து நின்றார். காரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அது பீம்ராவுக்கு எரிச்சலாக இருந்தது.

“ஓட்ட மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலாம். நாளைக்கே வேற ஒருத்தன் ஓட்டுவான்.”

பீம்ராவ் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “மழையில ஓங்கி மிதிக்காத, வழுக்கும். மெதுவா மிதி. நிக்கும்.”

மறுநாள் அடைமழை. காரில் பொது மேலாளர், ஃப்ளோரன்ஸ் மேடம், தணிக்கையாளர். எர்ணாவூர் அருகே டிரெய்லர் வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. அதிலிருந்து இரும்புக் கம்பிகள் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு கண்ணாடியை நோக்கி வந்தன. பக்தவச்சலம் மெதுவாக மிதித்தார். கார் நின்றது. கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மழை மட்டும் இருந்தது.

“பிரமாதம்!” என்றார் தணிக்கையாளர். “ஏபிஎஸ்ஸா?”

“ஏபிஎஸ்தான்” என்றார் பொது மேலாளர், வியர்வையைத் துடைத்தபடி. “எங்க பாதுகாப்புப் பண்பாடு.”

விருது கிடைத்தது.

இருபத்தேழாம் தேதி சரியாகப் பத்து மணிக்கு, தீர்மானத்தின்படி பழுது கண்டறியப்பட்டது. அன்று மாலையே புது சென்சார் வந்தது. மாட்டுவதைப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரரோடு ஃப்ளோரன்ஸ் மேடம் பக்கத்திலேயே நின்றார். சென்சாரை மாட்டி முடித்த பீம்ராவ், பையிலிருந்து ஃபியூஸை எடுத்தான்.

“அது என்ன?”

“ஃபியூஸ் மேடம். புடுங்கி வச்சிருந்தேன்.”

“எப்போ?”

“இருவத்தஞ்சு சாய்ங்காலம்.”

புகைப்படக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

நிர்வாகம் வேகமாகச் செயல்படாது என்று சொல்பவர்கள் அன்று எண்ணூருக்கு வந்திருக்க வேண்டும். ஏழு வருடம் நகராத ஃபைல் ஒரே மணி நேரத்தில் நகர்ந்தது. அனுமதியின்றிப் பாதுகாப்புக் கருவியை அகற்றி, பயணம் செய்தவர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகக் குற்றப்பத்திரிகை. உடனடிப் பணிநீக்கம்.

சட்டப்படி சாட்சிகள் வேண்டுமல்லவா? மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்: பொது மேலாளர், ஃப்ளோரன்ஸ் மேடம், பக்தவச்சலம். பீம்ராவ் விளைவித்த ஆபத்திலிருந்து உயிரோடு இறங்கி வந்து, அவரவர் கையாலேயே கையெழுத்திட்டார்கள்.