தாய்மாமனைக் காணோம்

திண்டிவனம் போட்டோக்காரன் செல்வகுமாருக்குக் காலை இட்லி தொண்டையில் இறங்கவில்லை. கைப்பேசியில் விழுப்புரம் தென்னரசு ஏற்றியிருந்த போன மாதக் கல்யாணப் படம்தான் காரணம். பெண்ணின் முகம் மட்டும் பளிச்சென்றிருக்க, பின்னால் மண்டபமே பஞ்சுமிட்டாயாகக் கரைந்து கிடந்தது. செல்வகுமார் எடுத்தாலோ, மணப்பெண்ணோடு மின்விசிறியும் பந்தியில் வாய் திறந்தவரும் சேர்ந்து விழுவார்கள்.

"நல்லாத்தான் எடுக்கறாரு, இல்லீங்க?" என்றாள் மனைவி இளவரசி.

செல்வகுமார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

கிளியனூர் கோதண்டபாணி மகளுக்குத் தையில் கல்யாணம். படமெடுப்பது அவனா தென்னரசா என்று இன்னும் முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை குழந்தைக்குக் காது குத்து. அதற்குப் படமெடுப்பவன் செல்வகுமார். அதில் அசத்தினால் கல்யாணமும் அவனுக்கே.

உடனே விழுப்புரத்தில் பழைய கேமரா சாமான் விற்கும் காந்திமதியிடம் ஓடினான். ஐம்பது எம்.எம். லென்ஸ் மலிவு. எண்பத்தைந்து கையைக் கடிக்கும், ஆனால் பின்னணியைக் கரைப்பதில் கில்லாடி. நல்லவேளையாகக் கைமாறி வந்தது ஒன்று இருந்தது.

"தென்னரசு வெச்சிருக்கறது எதும்மா?"

"இதேதாங்க. ஆனா அவரு..."

"அது போதும். ஜல்தியா குடு."

தன் பழைய லென்ஸை அங்கேயே விற்றுத் தள்ளிவிட்டுப் புதுமாப்பிள்ளை மிடுக்கோடு திரும்பினான்.

காது குத்தில் குழந்தை தாய்மாமன் கோதண்டபாணியின் மடியில் இருந்தது. கிளிக். குழந்தை முத்துப்போல் விழுந்தது. மாமன் பஞ்சுமிட்டாய். ஊரறிய அவர் கொண்டுவந்த சீர்த்தட்டுகளும் பஞ்சுமிட்டாய். லென்ஸின் துளையைச் சுருக்கினால் எல்லாம் தெரியும். அப்புறம் தென்னரசு படம் மாதிரி எப்படி இருக்கும்? மாமனைக் குறிவைத்தான், குழந்தை கரைந்தது. இருவரையும் பிடிக்கப் பின்னால் போனான், போனான், பாயாசக் குண்டானில் காலை விட்டான். காலைக் கழுவிவிட்டு வருவதற்குள் காது குத்தி முடிந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்று பழைய படம் ஒன்றிலிருந்து மாமனின் முகத்தை வெட்டி ஒட்டினான். அவனிடம் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்று, அவருடைய அப்பாவின் கருமாதியில் எடுத்தது.

கோதண்டபாணி ஆல்பத்தை வெகுநேரம் பார்த்தார். "என் மடி, மடியில கொழந்த, எல்லாம் சரி. நான் மட்டும் எழவு ஊட்ல குந்திக்கினு இருக்கனே, ஏம்பா?"

கல்யாண வேலை தென்னரசுக்குப் போனது.

செல்வகுமார் நொந்துபோய்க் காந்திமதியிடம் வந்தான். இந்தச் சனியனை வைத்துக்கொண்டு தன் பழைய லென்ஸைத் திருப்பித் தரும்படி கெஞ்சினான்.

காந்திமதி பரிதாபமாகப் பார்த்தாள். "உங்களுதா? அத அன்னிக்கே தென்னரசு வாங்கிக்கினு போய்ட்டாருங்க. செல்வகுமார் படத்துல மட்டும் தாய்மாமனுங்க எப்பிடித்தான் தெளிவா தெரியறாங்களோன்னு வருசக்கணக்கா பொருமிக்கினு இருந்துட்டு, இத எங்கிட்ட வித்ததே அவருதான்."