‘சம்பள உயர்வு மனுக்கள்’ என்றொரு கோப்புறை

கறுப்புத்திரை அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரர் திருவனந்தபுரத்தில் பிறந்ததும் இல்லை, பிழைக்க வந்ததும் இல்லை. ஸ்கேன் சென்டரில் நானும் அவரும் ஒரே அறை. மவுஸைத் தொட்டு வேலை செய்யவே மாட்டார். பருப்புவடைப் பொட்டலம் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க மவுஸை அதன் மேல் வைப்பார்.

ஒவ்வொரு ஸ்கேன் படத்துக்குள்ளும் நோயாளியின் பெயர், எண், வயது பதிந்திருக்கும். கவுண்டரில் தப்பாக அடித்தால் நாங்கள் திருத்த வேண்டும். அண்ணன் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை அடிப்பார். முந்நூறு படத்திலும் பெயர் மாறிவிடும். ஆனால் பழைய நகலை எடுத்து வைக்காமல் எதையும் தொடமாட்டார். டிஸ்க் நிறைந்தது. மேனேஜர் வந்தார்.

“எடோ, இது ஸ்கேன் சென்டரா, கோடவுனா? இனி பழசு ஒண்ணும் வைக்கண்டா.”

“சரி சாரே,” என்றார் அண்ணன். அவர் சரி சொன்னால் செய்யமாட்டார் என்று அர்த்தம்.

நான் கோழை. கட்டளையிலேயே ‘நகல் வேண்டாம்’ என்றும் சேர்த்து அடிக்க ஆரம்பித்தேன்.

விழிஞ்ஞத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த வள்ளியூர்க்காரர் முருகனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினோம். அவர் பெயர், எண், வயதைத் திருத்த ஒரு வரி அடித்தேன். தப்பான கோப்புறையில் நின்று அடித்துவிட்டேன். அவருக்கு முன்னால் எடுத்தவரின் படங்களும் முருகன் ஆகிவிட்டன. ஒரு தலையில் ரத்தக்கட்டு, இன்னொன்றில் ஒன்றுமில்லை. எது யாருடையது? தலையைத் திறப்பதா வேண்டாமா என்று டாக்டர் போனில் காத்திருந்தார்.

“அண்ணே, போச்சு.”

“என்னல போச்சு? எந்திரி.” திரையைப் பார்த்தார். “உன் தலையத்தான் முதல்ல ஸ்கேன் எடுக்கணும். உள்ள ஒண்ணும் இருக்காது, வேலை சுளுவா முடிஞ்சிரும்.”

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். அண்ணனின் விரல் கீபோர்டின் மேல் ஒரு கணம் நின்றது. அது நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு அடித்தார்.

‘சம்பள உயர்வு மனுக்கள்’ என்று ஒரு கோப்புறை திறந்தது. உள்ளே மனு ஒன்றும் இல்லை. சென்டரில் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் கை படாத நகல் இருந்தது. மேனேஜர் சாகும்வரை திறக்கமாட்டார் என்று நம்பி வைத்த பெயர்.

ரத்தக்கட்டு முருகனுக்குத்தான். டாக்டரிடம் சொன்னோம். முருகன் பிழைத்துக்கொண்டார். அண்ணனின் வேலை பிழைக்கவில்லை.

“சொன்னா கேக்காத்த ஆள் இவிடே வேண்டா,” என்றார் மேனேஜர்.

தப்பு செய்தது நான் என்று நான் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. வடைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி, “ஆறதுக்குள்ள தின்னுல,” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு போன் செய்தால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. எனக்கு வேண்டியதுதான்.

இப்போது அவர் நாற்காலியில் நான். டிஸ்க் மறுபடி நிறைகிறது, மேனேஜர் கத்துகிறார். ‘விடுப்பு விண்ணப்பங்கள்’ என்ற கோப்புறையை அவர் திறக்கமாட்டார். அதற்குள் நகல் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் முதல் சாயா குடிக்கிறேன், அண்ணனின் மவுஸை வடைப் பொட்டலத்தின் மேல் வைத்துவிட்டு.