ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு பயணம்

அளவுக்கு மீறிய முன்னெச்சரிக்கையும் ஒருவகைக் கவனக்குறைவே. இதை நான் தாம்பரம் ரயில் நிலையத்தில், பொதுமக்கள் முன்னிலையில் நிரூபித்திருக்கிறேன்.

என் கணவருக்குப் பிறவியிலேயே ஹீமோஃபீலியா. அடிபட்டால் ரத்தம் எளிதில் உறையாது; அதற்கான ஊசிமருந்து எப்போதும் கூடவே இருக்க வேண்டும். அதற்கு அஞ்சியே வெளியூர் விசேஷங்களைத் தவிர்த்து வந்தவர், திருநெல்வேலியில் தங்கை கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் போயே தீருவேன் என்றார். நான் களத்தில் இறங்கினேன். மருத்துவரின் கடிதம், அதன் நகல்கள், ஊசிகள், கட்டுத்துணி, அவர் முழங்கால் இடிக்கக்கூடிய முனைகளுக்கெல்லாம் பஞ்சுத் திண்டு. (நேரமிருந்தால் ரயிலுக்கே உறை தைத்திருப்பேன்.)

மருந்துக் குப்பிகள் உடையாதிருக்க, அவற்றைக் காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்த டப்பாக்களில் எல்லாம் இருக்கும், ஐஸ்கிரீமைத் தவிர. கிளம்பும் நாளில், ஊருக்குப் போகும் எந்தக் குடும்பத்தலைவியையும் போல ஃபிரிட்ஜைக் காலி செய்து, பால், தயிர், தோசைமாவு அனைத்தையும் கீழ்வீட்டுக் கலாவிடம் ஒப்படைத்தேன். மருந்து டப்பாவைத் துண்டில் சுற்றி, ஐஸ் பைகளுக்கு நடுவே வைத்தேன். சற்றுக் கனத்தது. பத்திரமாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

நடைமேடையில், பையிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்தது. குப்பிகள் உடைந்துவிட்டன என்று நான் அலற, அருகிலிருந்த அம்மாள் மோந்து பார்த்து, "மாவு பொங்கிடிச்சிம்மா. டப்பால பாதிதான் ஊத்தணும்" என்றார்.

கலாவிடம் போனது மருந்து. என்னோடு வந்தது மாவு.

கலாவை அழைத்தேன். டப்பாவைத் திறக்கவே இல்லை, இதோ ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டேன் என்றாள். எங்கள் வீடு இருக்கும் இரும்புலியூருக்கும் தாம்பரத்துக்கும் கூப்பிடு தூரம்தான், ஜி.எஸ்.டி. சாலையின் மாலை நெரிசலுக்கு அது தெரியாது. ரயில் முந்திக்கொண்டு வந்து நின்றது.

கணவர் பெட்டியின் படியருகே போய் நின்றார். "ஒரு ராத்திரிதானே? ஏறிடலாமா?"

"மருந்து இல்லாம வேணாங்க."

படியிலிருந்து விலகி வந்தார். "அதுவும் சரிதான். வழியில அடிபட்டா ஊத்தப்பமா ஊத்தி ஒட்ட முடியும்?"

அவர் சிரித்தார், நான் அழுதேன். ரயில் போய்விட்டது.

கலா மூச்சிரைக்கக் கொண்டுவந்த டப்பாவை, இம்முறை திறந்து பார்த்துவிட்டு, பேருந்து பிடித்தோம். போய்ச் சேர்ந்தபோது பந்தியே நடந்துகொண்டிருந்தது. கலா அதற்குள் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒலிபரப்பியிருந்தாள். வாசலிலேயே நாத்தனார் கேட்டாள்: "இங்க பால் பொங்கறதுக்குள்ள அங்க மாவு பொங்கிடிச்சாமே அண்ணி?"

முன்பெல்லாம் உறவினர்கள் அவரிடம், துக்கம் விசாரிக்கும் குரலில், "உடம்பு எப்படி இருக்கு?" என்பார்கள். இப்போது அவரை விட்டுவிட்டு என்னிடம், "மாவு சௌக்கியமா?" என்கிறார்கள். இந்த மாற்றம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதன்பின் ஒரு விசேஷத்தையும் அவர் தவறவிட்டதில்லை.