ஜாம் தண்ணீரைத் திறந்துவிடக் கோரி

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பாவும் அம்மாவும் நானும் சௌக்கியம். அங்கு நீங்களும் சித்தியும், உங்கள் ஜாம் கம்பெனியும், கம்பெனி வாசலில் காவலுக்கு இருக்கும் அந்தக் கடிக்கிற நாயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்தி மாதாமாதம் அனுப்பும் ஜாம் பாட்டில்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஜாமும் நன்றாக இருக்கிறது, பாட்டிலும் நன்றாக இருக்கிறது. அந்த மூடியின் இறுக்கம் வேறு எந்தக் கம்பெனி பாட்டிலுக்கும் வராது.

நலம் விசாரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்கள் கம்பெனி கேட்டில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள் அல்லவா? தங்கள் தொழிற்சாலைக் கழிவுநீரால் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அனுமதி விதிகள் மீறப்படுகின்றன, ஏழு நாட்களுக்குள் நிறுத்தவும் என்று. அதையும் கோணலாக ஒட்டியிருந்தார்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வந்தபோது அரை மணி நேரம் கொதித்தீர்கள். "எவன் அந்த முட்டாள்? கையில கிடைச்சான்னா அவனையே ஜாம் போட்டுடுவேன்" என்றீர்கள். நானும், "யாருன்னு தெரிஞ்சா சும்மா விடக்கூடாது சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டே உங்கள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். அந்த முட்டாள் நான்தான். கோணலாக இருந்ததற்குக் காரணம் நாய்.

இதை போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல நீங்க முதல் வரியிலயே கத்த ஆரம்பிச்சிடுவீங்க, மீதி விஷயம் வந்து சேராது. கடிதத்தைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேக்காது. இலக்கணமா எழுதறதும் இதோட போதும், அது முடியாமத்தானே காலேஜையே விட்டேன். விஷயம் அவசரம். வெள்ளிக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி நான் வேலை பார்க்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்கு வர்றார். அன்னிக்கு அவர் பிடிக்கிற தண்ணி சரியில்லன்னா எங்க அனுமதி போயிடும், அனுமதி போச்சுன்னா தற்காலிகமா இருக்கிறவங்களைத்தான் முதல்ல வெளிய அனுப்புவாங்க, தற்காலிகமா இருக்கிறது மொத்தத்துல நான் ஒருத்திதான். இதைத் தடுக்க உங்க ஒருத்தராலதான் முடியும். எப்படின்னு சொல்றேன், பாதியில கசக்கிடாதீங்க.

நீங்க நாலு பேர்கிட்ட சொல்லி வாங்கித் தந்த வேலை இது. நான் ஏதோ ஆபீஸ்ல ஃபைல் அடுக்குறேன்னுதான் நீங்க நினைச்சிட்டிருக்கீங்க. இல்ல சித்தப்பா, நான் தண்ணி பிடிக்கிறவ. இதுக்கு முன்னாடி துணிக்கடை, ஜெராக்ஸ் கடை, பல் டாக்டர் ரிசப்ஷன்னு எதுலயும் நாப்பது நாள் தாண்டினதில்ல. இங்க நாலு மாசம் ஆச்சு. ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுற இடம் எனக்குப் பிடிச்சுப்போச்சு, என்ன பண்றது? ஊர்ல இருக்கிற எல்லா வீட்டுச் சாக்கடையும், எல்லா கம்பெனித் தண்ணியும் எங்ககிட்டதான் வருது. முதல் தொட்டியில மணல், பாலிதீன் பை, ஒத்தைச் செருப்பு எல்லாம் தங்கிடும் (ஜோடியா ஒருநாளும் வந்ததில்ல). அடுத்த தொட்டியிலதான் விஷயமே. அதுல காத்தடிச்சு காத்தடிச்சுக் கோடிக்கணக்குல நுண்ணுயிர் வளர்க்கிறோம், அதுங்க அழுக்கைத் தின்னு தண்ணியைத் தெளியவைக்கும். எங்க சூப்பர்வைசர் அண்ணன் அதுங்களைப் 'பசங்க'ன்னுதான் சொல்வார். காலையில வந்ததும் தொட்டி ஓரம் நின்னு, "என்னடா பசங்களா, சாப்பிட்டீங்களா?"ன்னு விசாரிச்சுட்டுத்தான் கையெழுத்தே போடுவார். சொந்தப் பையன் பரீட்சையில கோட்டை விட்டப்ப "போகட்டும் விடு"ன்னவர், இந்தப் பசங்க கொஞ்சம் நுரை தள்ளினா அன்னிக்கு டிஃபன் பாக்ஸையே திறக்க மாட்டார்.

கடைசியா ஆத்துக்குப் போற தண்ணி எப்படி இருக்கணும்னு அனுமதிக் காகிதத்துல அஞ்சு எண் போட்டிருக்கு. வாரம் ஒரு தடவை நான் தண்ணி பிடிச்சுக் குடுப்பேன், லேப் அக்கா சோதிப்பாங்க, அண்ணன் மேலிடத்துக்கு அனுப்புவார். (முதல் வாரமே தண்ணி பிடிக்கிற பாட்டில் கூடையைக் கீழ போட்டு, பன்னெண்டுல பத்தை உடைச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அதை விடுங்க, சமாளிச்சுட்டேன்.) நான் வந்த மறுவாரத்துல இருந்து அஞ்சுல ஒரு எண் எகிற ஆரம்பிச்சுது. தண்ணியில இன்னும் எவ்வளவு அழுக்கு தின்னப்படாம மிச்சம் இருக்குன்னு காட்டுற எண். மேலிடத்துல இருந்து ஒரு எச்சரிக்கை ஓலை வந்துது, அடுத்த மாசம் இன்னொண்ணு. லேப் அக்கா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, "இதுல சர்க்கரை இருக்கு. எவனோ இனிப்புத் தண்ணியை விடுறான்"ன்னாங்க. அண்ணன் நெஞ்சுல கை வச்சுட்டு உக்காந்துட்டார். "என் பசங்களுக்கு எவனோ அளவுக்கு மீறி ஊட்டுறான், அதான் திணறுதுங்க."

சும்மா இருக்க என்னால முடியுமா? நீண்ட கம்பில டப்பாவைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன், பின்னாடியே அண்ணன் நோட்டீஸும் பசையுமா. எங்க வாசல்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு சாக்கடை மூடியா நெம்பித் திறந்து, மேல நின்னபடியே மொண்டு, மோந்து பார்த்து, எந்தப் பக்கம் இனிப்பு வாசனை வருதோ அந்தப் பக்கம் போறது. மொத்தம் நாப்பத்தொரு மூடி சித்தப்பா. லாண்டரி தெருவுல திறந்தா சோப்பு நுரை முட்டி வரைக்கும் எழும்புது. பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுற பட்டறைகிட்ட தண்ணி பச்சைக் கலர்ல வருது, அந்தப் பட்டறைக்காரர் வெளிய வந்து, "அது இயற்கையான கலர்மா"ன்னார். அவருக்கும் ஒரு நோட்டீஸ் குடுத்தோம், அது தனிக் கதை. முப்பத்தெட்டாவது மூடியில எறும்பு. முப்பத்தொம்பதுல எறும்பும் குளவியும். நாப்பதுல அன்னாசி வாசனை அப்படியே தூக்குது. நாப்பத்தொண்ணை மூடிட்டு நிமிர்ந்து பார்த்தா உங்க கேட்டு, உங்க நாய்.

நான் அந்த இடத்துலயே உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கணும். தெரியும். ஆனா பின்னாடி அண்ணன் பசை டப்பாவோட நிக்கிறார்.

"இது உங்க சித்தப்பா கம்பெனி இல்ல?"ன்னார்.

"ஆமாண்ணே."

"வேணாம்மா, நான் ஒட்டிக்கிறேன். நாளைக்கு வீட்டுல பிரச்சனை வரும்."

"குடுங்கண்ணே இங்க. சித்தப்பா வேற, சாக்கடை வேற."

பேசினதுக்கு அப்புறம்தான் அது எப்படிக் காதுல விழுதுன்னு யோசிச்சேன். ஆனா அண்ணன் கண்ணு கலங்கிடுச்சு. பொறந்ததுல இருந்து என்னைப் பார்த்து யாரும் அப்படிப் பெருமையா கண் கலங்கினதில்ல சித்தப்பா, அந்த வேகத்துல ஒட்டிட்டேன். நாய் பாய்ஞ்சுது, கோணிடுச்சு.

நீங்க ரோஷக்காரர். ஏழு நாள் கேட்டா, மூணே நாள்ல குழாயை அடைச்சு, லாரி வச்சுத் தண்ணியை வேற எங்கயோ தோட்டத்துக்கு அனுப்பிட்டீங்க. "ஒரு சொட்டு கூட இனிமே அவனுங்களுக்குக் கிடையாது"ன்னு சொன்னீங்களாமே, அம்மா சொன்னாங்க. நாங்க இங்க லட்டு கிடைச்ச மாதிரி குதிச்சோம். பத்தே நாள். பதினோராவது நாள் காலையில அண்ணன் தொட்டியை எட்டிப் பார்த்துட்டு, "என்னம்மா, பசங்க பேச்சு மூச்சு இல்லாம இருக்கானுங்க?"ன்னார். லேப் அக்கா மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டு, "ரொம்ப இளைச்சிருக்கு. பாதியைக் காணோம்"ன்னாங்க. தெளிஞ்சு போயிட்டிருந்த தண்ணி கஞ்சி வடிச்ச மாதிரி கலங்கிப் போகுது. இப்ப அஞ்சு எண்ல மூணு தப்பு.

விஷயம் என்னன்னா, இந்த நிலையத்தைக் கட்டும்போதே உங்க கம்பெனித் தண்ணியையும் கணக்குல சேர்த்துத்தான் இவ்வளவு பெருசா கட்டியிருக்காங்க. அண்ணன் பழைய வரைபடத்தைத் தூசு தட்டி எடுத்து வந்து காட்டினார். பசங்களுக்குப் பாதிச் சாப்பாடே உங்க ஜாம் கழுவின தண்ணிதான். நாங்க என்னடான்னா சோறு போட்ட கைக்கே நோட்டீஸ் ஒட்டியிருக்கோம். அண்ணன் ரெண்டு நாளா தொட்டியைச் சுத்திச் சுத்தி நடக்கிறார். பார்க்க முடியாம நேத்து நான் வீட்டுல இருந்த ஜாம் பூரா, மொத்தம் பதினேழு பாட்டில், அட்டைப் பெட்டியில தூக்கிட்டு வந்து கரண்டியால வழிச்சு வழிச்சுத் தொட்டியில போட்டேன். (சித்திகிட்ட சொல்லாதீங்க, பாதி பிரிக்காதது.) அது அதுங்களுக்குக் கடைவாய்க்குக் கூடப் பத்தல.

அதனால சித்தப்பா, மானம் ரோஷம் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு நேரா கேக்குறேன். உங்க சாக்கடைத் தண்ணி எங்களுக்கு வேணும். இன்னிக்கே குழாயைத் திறந்தாதான் வெள்ளிக்கிழமைக்குள்ள பசங்க எழுந்து உக்காரும். நீங்க எவ்வளவு அனுப்பினாலும் தின்னுடும்னு சொல்லல, முன்னாடி ஆரம்பத்துல அனுப்பின அளவு போதும். நான் கண்டுபிடிச்சது என்னமோ சரிதான், உங்க தண்ணி ரெண்டு மாசம் அளவு மீறி வந்ததும் நிஜம்தான், அதை லேப்ல நிரூபிச்சாச்சு. ஆனா அதுக்காக ஒரேயடியா நிறுத்தச் சொன்னது என் தப்பு. கண்டுபிடிப்புக்குப் பாராட்ட வேணாம், தப்புக்கு மன்னிச்சா போதும்.

சித்திக்கு என் அன்பு. நாய்க்கு வருத்தம். உங்க கம்பெனியில காய்ச்சுற ஒவ்வொரு அண்டாவும் பொங்கி வழியணும், வழிஞ்சது எங்ககிட்ட வரணும்னு வேண்டிக்கிற,

உங்கள் அண்ணன் மகள்
(நீங்கள் தேடிக்கொண்டிருந்த முட்டாள்)

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி இந்த வாரத் தண்ணியைப் பிடிச்சு வச்சுட்டு வந்துடலாம்னு போனேன். வழக்கம்போல வீட்டுல இருந்து கொண்டுவந்த ஜாம் பாட்டில் ஒண்ணை ஒரு அலசு அலசி, ஆத்துக்குப் போற வாய்க்கால்ல முக்கி எடுத்துட்டு, லேப் வாசல் குழாயடியில நின்னு மிச்சமிருந்த ரெண்டு நல்ல பாட்டில்ல (அதுங்களும் உடைஞ்சுடக்கூடாதுன்னு வாய்க்கால் பக்கமே கொண்டுபோறதில்ல) ஊத்திட்டிருந்தேன். லேப் அக்கா கை கழுவ வெளிய வந்தாங்க.

"இதென்னது கையில?"

"ஜாம் பாட்டில்க்கா. மூடி நல்லா இறுக்கமா இருக்கும்."

"எத்தனை நாளா இதுல பிடிக்கிற?"

"முதல் வாரத்துல இருந்து. ஒவ்வொரு தடவையும் வேற பாட்டில்க்கா, சுத்தமா இருக்கணும்ல."

அக்கா மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாங்க. திருகு வரியில பூரா ஜாம். விரலால வழிச்சு என் மூக்குகிட்ட நீட்டினாங்க. அன்னாசி.

ஆக, லேப்ல தெரிஞ்ச சர்க்கரை வாய்க்கால் தண்ணியில இல்ல, என் பாட்டில்ல. அந்த ரெண்டு மாசமும் எங்க தண்ணி சுத்தமாதான் போயிருக்கு. நீங்க ஒரு சொட்டு கூட அதிகமா விடல. பசங்க திணறவும் இல்ல. ரெண்டு ஓலையும் நான் வாங்கிக் குடுத்தது, அதிகாரி வர்றதும் என்னால, பசங்க பட்டினி கிடக்கிறதும் என்னால. மேல நான் எழுதினதுல நாய் பாய்ஞ்சது ஒண்ணுதான் முழு உண்மை.

அண்ணன்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவர் தொட்டிச் சுவத்துல சாஞ்சு உக்காந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். "நடந்ததை நடந்தபடி மேலிடத்துக்கு எழுதிடலாம். ஆனா வெள்ளிக்கிழமை அதிகாரி தன் பாட்டில்லதான் பிடிப்பார், அன்னிக்குத் தண்ணி தெளிவா இருந்தே ஆகணும். இருந்துதுன்னா நீ இங்கயே இரு. நாப்பத்தொரு மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேற எவ வருவா?"ன்னார்.

கேட்ல இருக்கிற நோட்டீஸைக் கிழிக்க நானே வரேன், நாயை மட்டும் கட்டி வைங்க. குழாயைத் திறந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க சித்தப்பா. பேச வேணாம், ரெண்டு ரிங் போதும். நான் ஓடிப்போய்ப் பசங்ககிட்ட சொல்லணும்.