பச்சை விளக்கை நம்பாத மறுக்கா அண்ணன்

வாசகர்களே, தயவுசெய்து நீதிபதி நாற்காலியில் ஏறி அமருங்கள். நான் அடுக்கப்போகும் குற்றச்சாட்டுகளைக் கேட்டுவிட்டு, இப்படியும் ஒரு மனிதர் இருக்கலாமா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் எல்லைக்குள், நன்றாக இருக்கும் ஒன்றை நன்றாக இருக்கிறது என்று வாழ்நாளில் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாத ஒரே பிறவி அவர்தாம். கல்லூரிக் காலத்தில் பதினேழு மேடைகளில் எதிரணியை வாயடைக்க வைத்தவன் நான். என்னை வாயடைக்க வைத்தவர் அவர் ஒருவரே. அதுவும் ஒரே சொல்லால்.

அந்தச் சொல் ‘மறுக்கா.’ எங்கள் பக்கத்தில் இன்னொரு தடவை என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். எதைக் காட்டினாலும் “மறுக்கா ஓட்டுங்க தம்பி” என்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அலுவலகப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்கள் பதினொரு பேருக்கும் அவர் மறுக்கா அண்ணன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, பாத்திரக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே நாங்கள் உருவாக்கியது ஒரு டீபக்கர். கணினி நிரல் எழுதுகிறவர்கள் பிழை செய்வார்கள். அந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நட்ட நடுவில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க உதவும் கருவியே டீபக்கர். பிறர் பிழையைக் காட்டும் கருவியிலேயே பிழை இருந்தால் என்னாவது? அதற்காக நானூறு டெஸ்ட்டுகள், அதாவது டீபக்கரையே சோதிக்கும் குட்டி நிரல்கள். எங்களில் யார் ஒரு வரியை மாற்றினாலும் மூலையில் இருக்கும் கணினி அந்த நானூறையும் தானே ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் சுவரில் பச்சை விளக்கு. ஒன்று தவறினாலும் சிவப்பு. அந்த விளக்குகளுக்கு ஒயர் இழுத்தவரும், அந்தக் கணினியைக் கட்டி மேய்த்தவரும் மறுக்கா அண்ணன்.

என்னைவிட எட்டே வயது மூத்தவர். படித்துக்கொண்டே ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் பிளான்ட்டில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். “குளிரக் காட்டுற மீட்டர்ல முள்ளு அசையலன்னா ஐஸ் நல்லாருக்குன்னு நெனச்சுருவாங்க தம்பி. முள்ளு செத்துக்கூடப் போயிருக்கும். நான் தெனம் கதவத் தெறந்து வச்சு, முள்ளு ஏறுதான்னு பாப்பேன்” என்று பெருமையாகச் சொல்வார். குளிர்க்கிடங்கின் கதவை வேண்டுமென்றே திறந்து வைத்த ஒருவரை வேலைக்கு எடுத்த எங்கள் மேலாளர் அருள்தாஸ் சாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அலுவலகத்துக்கு வெளியேயும் இதே கொடுமைதான். டீக்கடையில் முதல் டீயைக் குடித்து, “நல்லாருக்கு” என்பார். டீ மாஸ்டரின் முகம் மலரும். உடனே, “தற்செயலா அமைஞ்சிருக்கும். மறுக்கா ஒண்ணு போடுங்க” என்பார். மலர்ந்த முகம் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

மணமேல்குடியில் இருக்கும் தம் வீட்டுக்குப் போக தினமும் அதே பேருந்தில்தான் ஏறுவார். தினமும் நடத்துநரிடம் கேட்பார்.

“மணமேல்குடி போகுமா?”

“போகும், ஏறுங்க.”

“சேலம் போகுமா?”

“யோவ், அங்கிட்டு எதுக்குய்யா போகுது? ஏறுறியா எறங்குறியா?”

அப்போதுதான் ஏறுவார். காரணம் கேட்டேன். “எதக் கேட்டாலும் போகும்ங்கிற ஆளா இருந்தா என்ன பண்றது? இல்லன்னு சொல்லத் தெரிஞ்சவன் ஆமான்னு சொன்னாத்தான் தம்பி அது ஆமா” என்றார். ஒரு பேருந்தில் ஏறுவதற்கு இத்தனை தத்துவம் தேவையா?

இவரை வெல்ல வீட்டில் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு ஆறுதல். ஒருநாள் அவர் மனைவி வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்தாராம். இவர் கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கு” என்றாராம். “ஒங்க டெஸ்ட்டு ஃபெயிலுங்க” என்று அந்த அம்மையார் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இதை மறுநாள் எங்களிடம் சொல்லிச் சிரித்தவரும் அவரேதான். தோல்விக்கு வெட்கப்படத் தெரியாத மனிதரோடு எப்படி வாதாடுவது?

டெஸ்ட்டுகளில் ஒன்று அவ்வப்போது காரணமே இல்லாமல் தவறும். பத்து நொடிக்குள் வரவேண்டிய பதில் வராது. இன்னொரு முறை ஓட்டினால் வந்துவிடும். அறுபது நொடி கொடுத்துவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் கைதூக்கினோம். அவர் ஒருவர் மட்டும் மறுத்துவிட்டு, அந்த ஒரு டெஸ்ட்டை நூறு முறை ஓட்டினார். மூன்றாம் நாள் எழுந்து வந்தார். “முன்னாடி ஓடுன டெஸ்ட்டு தன் புரோகிராம மூடாமப் போயிருது. பந்தி முடிஞ்சும் எலைய விட்டு எந்திரிக்காம ஒருத்தன் ஒக்காந்திருந்தா அடுத்தவன் எங்க ஒக்காருவான்?” அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் என் கோபத்தைக் கூட்டியது.

ஆனால் இவையெல்லாம் சிறு குற்றங்கள். பெருங்குற்றம் செவ்வாய்க்கிழமை நடப்பது. வாரந்தோறும் அன்று எங்கள் டீபக்கரின் நகல் ஒன்றை எடுத்து, நன்றாக ஓடும் ஒரு பகுதியைத் தம் கையாலேயே உடைப்பார். பிறகு டெஸ்ட்டுகளை ஓட்டுவார். சிவப்பு எரிந்தால் மகிழ்ச்சி. எரியாவிட்டால், உடைப்பைக் கண்டுபிடிக்கத் தவறிய டெஸ்ட்டின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ‘செத்த முள்ளு’ என்று சாக்பீஸால் எழுதிவைப்பார். ஊர் பார்க்க. உலகம் பார்க்க.

அந்தச் சமயம் எங்களுக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் வாய்க்கவிருந்தார். மீன்பிடிப் படகுகளுக்கான ஒரு பெட்டியைச் செய்யும் நிறுவனம் அது. படகு கடல் எல்லையை நெருங்கினால் அந்தப் பெட்டி கத்தும். பெட்டிக்குள் ஓடும் நிரலின் பிழைகளைத் தேட எங்கள் டீபக்கரை ஏற்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை நேரில் வந்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்காவிட்டால் புதுக்கோட்டை அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் பதினொரு பேரும் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அருள்தாஸ் சார் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டிக்கென்று இரண்டே வாரத்தில் நூற்றுப் பத்து டெஸ்ட்டுகளை நான் எழுதினேன். அத்தனையும் பச்சை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். சுமதி உட்பட அனைவரும் கைதட்டினர். பக்கத்து மேசைக்காரரான சுமதி எளிதில் கைதட்டுகிறவர் அல்லர்.

செவ்வாய்க்கிழமை காலை கரும்பலகை முழுக்க என் டெஸ்ட்டுகள்.

“தம்பி, இங்கிட்டு வாங்க. நிறுத்துற பகுதியவே மொத்தமா எடுத்துட்டேன். டீபக்கரால எதையும் நிறுத்தவே முடியாது. ஆனா ஒங்க நூத்திப்பத்தும் பச்சை.”

“அதெப்படி முடியும்?”

“ஒங்க டெஸ்ட்டு டீபக்கரப் பாத்து ‘நிறுத்திட்டியா’ன்னு கேக்குது. அது ‘நிறுத்திட்டேன்’ங்குது. இது கைதட்டிட்டு எறங்கிருது. நெசமா நின்னுச்சான்னு யாரும் பாக்கல.”

“மேடைப் பேச்சாளர் எழுதுனா அப்படித்தானண்ணே இருக்கும்!” என்றார் சுமதி. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்றரைப் பக்கத்தில் முறையீடு எழுதி மேலாளரிடம் நீட்டினேன். வாதம் நடத்தித் தீர்ப்பு வழங்கவேண்டும் என்று கோரினேன். அருள்தாஸ் சார் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். நான் எழுந்தேன். உடைப்பவர் ஒருநாளும் காப்பவர் ஆகார் என்பதை ஐந்து கோணங்களில் நிறுவினேன். பாத்திரக் கடை வாசலில் நின்றவர்கள்கூட அண்ணாந்து பார்த்ததாகச் சுமதியே பிறகு சொன்னார்.

மறுக்கா அண்ணன் எழுந்தார். “நாலாவதா ஒண்ணு சொன்னீங்கள்ல தம்பி, அத மறுக்கா சொல்லுங்க.”

“தன் தோட்டத்து வேலியைத் தானே பிடுங்கி எறிகிற தோட்டக்காரனை எவரும் வேலைக்கு வைப்பதில்லை என்றேன்.”

“மொத தடவ கோட்டை மதில்னு சொன்னீங்க. இப்ப வேலிங்கிறீங்க. ரெண்டுல எத நான் சரிபாக்க?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்தில் அரை நிமிடம்கூடப் பேசவில்லை. இதற்குப் பெயர் வாதமா?

இருந்தும் தீர்ப்பு எனக்கே சாதகமாக வந்தது. வெள்ளிக்கிழமை வரை விளக்கு பச்சையாக எரியவேண்டும், அதுவரை எவரும் எதையும் உடைக்கக்கூடாது என்றார் அருள்தாஸ் சார். நான் கரும்பலகையைத் துடைத்தேன். நன்றாக, ஈரத்துணியால் துடைத்தேன்.

புதன்கிழமை சுமதி டீபக்கரின் வேகத்தைக் கூட்ட அதில் நான்கு வரிகளை மாற்றினார். பச்சை. வியாழனும் பச்சை. வெள்ளிக்கிழமை காலை நான் வந்தபோது, வாடிக்கையாளர் அனுப்பியிருந்த படகுப் பெட்டி என் மேசைமேல் இருந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘தம்பி, கேக்காதீங்க. பாருங்க.’

உடைக்கக்கூடாது என்றுதானே தீர்ப்பு? பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம்! எரிச்சலோடு பெட்டியை ஓடவிட்டேன். நிரல் ஓடும்வரை அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். டீபக்கரிடம் நிறுத்தச் சொன்னேன். ‘நிறுத்திவிட்டேன்’ என்றது திரை. சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

மறுபடி நிறுத்தச் சொன்னேன். ‘நிறுத்திவிட்டேன்.’ அது சிமிட்டியது. என் தலைக்கு மேலே சுவரில் பச்சை, அப்பழுக்கற்ற பச்சை, வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணே,” என்றேன். பெட்டியைச் சுட்டிக்காட்டினேன்.

“சுமதி போட்ட நாலு வரிதான். அத எடுத்துரலாம். மொதல்ல ஒங்க டெஸ்ட்டுக்கு உசுரு குடுங்க. அது சொல்றத நம்பாதீங்க. பெட்டிக்குள்ள ஒரு எண்ணு ஓடிக்கிட்டே இருக்கும்ல? நிறுத்துனதுக்கப்புறம் அதப் படிங்க. செத்த நேரம் விட்டு...”

“மறுக்கா படிக்கணும்,” என்றேன் நான். என் வாயால். “கூடியிருந்தா நிக்கல.”

அவர் எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. சுமதியின் நான்கு வரிகளை எடுப்பதற்கு முன்பாகவே புதிய டெஸ்ட்டை ஓட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஓட்டினோம். சுவரில் சிவப்பு எரிந்தது. “எரிஞ்சுருச்சு தம்பி, எரிஞ்சுருச்சு!” என்று பிள்ளை பிறந்த வீட்டில் குதிப்பவரைப்போல் குதித்தார். அந்த நொடியில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வாடிக்கையாளரின் பொறியாளர் ரெஜினா உள்ளே வந்தார். அருள்தாஸ் சாரின் முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை.

“என்னங்க, செவப்பா எரியுது?”

“ஒடைஞ்சிருக்குல்லம்மா, அதான் எரியுது,” என்றார் மறுக்கா அண்ணன், அது சாதாரணச் செய்தி என்பதைப்போல. நான்கு வரிகளை எடுத்து ஓட்டிக் காட்டினார். பச்சை. திரும்பப் போட்டார். சிவப்பு. அந்த அம்மையாரையே கேட்டார்: “மறுக்கா பாக்குறீங்களா?”

“பாக்குறேங்க,” என்றார் ரெஜினா. பார்த்தார். “எங்கண்ணன் ஜெகதாப்பட்டினத்துல மீன்புடி போட்டுல கடலுக்குப் போவாக. இந்தப் பெட்டிய நம்பித்தான் போறாக. மத்த எடத்துலல்லாம் பச்சைய மட்டுந்தாங்க காட்டுனாக. செவப்பு எரியுமான்னு யாரும் காட்டல.” அன்று மாலையே ஒப்புதல் வந்துவிட்டது.

இப்போது கேளுங்கள் அநியாயத்தை. திங்கட்கிழமை அருள்தாஸ் சார் பொன்னாடை போர்த்தியது யாருக்கு? டெஸ்ட் எழுதிய எனக்கு. மறுக்கா அண்ணன் எழுந்து, ‘அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவன் நான்’ என்று முழங்கியிருக்க வேண்டாமா? கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார் அந்த மனிதர். பதினேழு மேடை கண்ட நாவும் அன்று அசையவில்லை. பொன்னாடை மட்டும் தோளில் கனத்தது.

ஆறு மாதத்தில் ரெஜினாவின் நிறுவனம் மணமேல்குடியில் பட்டறை திறந்து, மறுக்கா அண்ணனை வேலைக்கு அழைத்துக்கொண்டது. கடைசி நாளன்று இருபது நிமிடப் பிரிவுரை ஒன்றை ஆயத்தம் செய்திருந்தேன். பொன்னாடைக் கணக்கை அதில்தான் தீர்ப்பதாக இருந்தேன். முன்னுரை முடியவில்லை; “பஸ்சுக்கு நேரமாச்சு தம்பி” என்று கிளம்பிவிட்டார். ஒரு பேச்சாளனுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா?

படியிறங்கிப் பின்னாலேயே ஓடினேன். அவர் நடத்துநரிடம் சேலத்தைப் பற்றிக் கேட்டு, திட்டு வாங்கி, நிறைவோடு சன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிட உரையில் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

“செவ்வாக்கெழம நான் ஒடைக்கிறேண்ணே,” என்றேன்.

பேருந்து நகர்ந்தது. அவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“மறுக்கா சொல்லுங்க தம்பி.”

பேருந்தோடு கூடவே ஓடிக்கொண்டு, ஊர் கேட்க, ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னேன்:

“செவ்வாக்கெழம நான் ஒடைக்கிறேண்ணே!”