மூக்கில் வைத்த பொட்டு

எங்கள் மூக்கண்ணாச்சியைப் போல மூக்குக்காக உயிரை விட்ட மனிதர் திருநெல்வேலிச் சீமையிலேயே கிடையாது. தன் மூக்குக்காக அல்ல, ஏவுகணையின் மூக்குக்காக.

தொண்ணூறுகளில் மலையடிவாரச் சோதனைக்கூடம் ஒன்றில் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். ஏவுகணை பாய்கிற வேகத்தில் முதலில் வேகுவது அதன் கூர்நுனிதான். அந்த நுனியை நெருப்பில் காட்டி, தாங்குகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. பெரும்பாலும் தாங்காது.

வெறுங்கையால் அதைத் தொட்டவன் தொலைந்தான். "ஏலே, வேர்வை பட்டா ஈரம் உள்ள எறங்கிரும். சூட்டுல அந்த எடம் பிச்சிக்கிட்டு வரும். ஒனக்கென்ன, வீட்டுக்குப் போயி நல்லா திம்ப." ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்த அதிகாரியையே வாசலில் மறித்தார். "பொட்டு வைக்கணும்னா என் நெத்தியில வைங்க சார். அது வெந்தா பரவால்ல." அதிகாரியும் வைத்துவிட்டுப் போனார்.

வெந்துபோன நுனிகளைத் துண்டில் சுற்றிக் குறுக்குத்துறைக்குக் கொண்டுபோய்த் தாமிரபரணியில் போட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கேட்டால், "சாவு வீட்டுக்குப் போனா குளிக்காம வீட்டுக்குள்ள நுழைவியாலே?" என்பார்.

கடைசியாக ஒரு நுனி மிஞ்சியது. அதுவும் போனால் எங்கள் பிரிவை மூடிவிட்டு அண்ணாச்சியை வடக்கே மாற்றுவதாக உத்தரவு. இந்த ஆற்றை விட்டு அவர் எங்கே இருப்பார்? அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நெருப்பில் நுனி சிவந்தது, வெளுத்தது, தாங்கியது. பாதியில் ஒரு சில்லு தெறித்து, அந்த ஓட்டை வழியாக நெருப்பு உள்ளே புகுந்து எல்லாம் முடிந்தது. ஆறியபின் பார்த்தால் காசளவு வட்டக் குழி. எவனோ தொட்டிருக்கிறான் என்று அதிகாரி எங்களை வரிசையில் நிறுத்தினார்.

"பயலுவள விடுங்க சார்," என்றார் அண்ணாச்சி. "காலையில நாந்தான் சந்தனம் வச்சேன். பயமா இருந்துச்சு."

அதிகாரி வரிசையைக் கலைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அவரோடு நானும் ஆற்றுக்குப் போனேன். தலைமுழுகினார். ஆனால் துண்டிலிருந்ததை ஆற்றில் போடவில்லை. "இத நீ வச்சுக்கலே. இது மேல ஒரு குத்தமும் இல்ல," என்று என்னிடம் தந்தார். வடக்கே போனவர் திரும்பவில்லை. அங்கேயே காலமானார் என்று தகவல்தான் வந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் சைக்கிள் பம்புக்குக்கூடப் பொட்டு உண்டு. அலமாரியில் இருக்கும் அந்தக் கரித்துண்டுக்கு மட்டும் கிடையாது. அதைத் தூசி தட்டும்போது இன்றைக்கும் கையுறை போட்டுக்கொள்கிறேன்.