நூற்று எண்பத்தோராவது நாள்

“நாள் எண்ணுற மாப்பிள்ள வீட்டுல...” என்று மாமனார் சுப்புராஜ் கல்யாண மேடையில் என்னவோ சொன்னார். மீதி கௌதம்ராஜுக்கு நினைவில்லை. அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிவிட்டார்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, நாற்பத்தெட்டு வயதில், அவர் நாள்தான் எண்ணிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கே வந்துவிட்டதாக மனைவி விஜியிடம் சொல்லியிருந்தார். விடவில்லை, நீண்ட விடுப்பு. ஒரு வரி வருடத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் இங்கே தங்கினால் ‘குடியிருப்பவர்’ ஆகிவிடுவாய், அந்தச் சம்பளத்துக்கு இங்கேயும் வரி பிடுங்குவார்கள் என்று கூட வேலை பார்த்தவர் பயமுறுத்தியிருந்தார். அதற்குள் சிங்கப்பூர் திரும்ப ரகசியமாக டிக்கெட் போட்டார்.

“மம்சாபுரத்துல சித்தப்பா வீட்டுப் பால்காய்ப்பு. நீங்க கட்டாயம் இருக்கணும்” என்று விஜி சொன்னபோது, விரல் மடக்கிப் பார்த்து டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளினார். பால்காய்ப்பு முடிந்தது. அவர் கணக்கில், கிளம்பும் நாளையும் சேர்த்து நூற்று எண்பத்தொன்று. ஒரு நாளில் தப்பித்தாயிற்று.

கிளம்பும் நாள் காலையில் பெட்டியோடு நின்றார்.

“மதுரை வரைக்கும் போயிட்டு வாரேன் விஜி.”

“மதுரைக்கு எதுக்கு பாஸ்போர்ட்?”

“அடையாளத்துக்கு.”

“ஸ்வெட்டர்?”

“ஏசி பஸ்.”

விஜி போன வருடக் காலண்டரையும் இந்த வருடக் காலண்டரையும் மேசையில் விரித்தாள். அவருக்காகக் கூடுதல் பால் வாங்கிய நாளுக்கெல்லாம் வட்டம். இன்றைய வட்டத்தில் மை காயவில்லை.

“எண்ணுங்க.”

எண்ணினார். நூற்று எண்பத்திரண்டு. திரும்ப எண்ணினார்.

“ஒண்ணு கூடுதே.”

“வந்த அன்னைக்கு நீங்க எண்ணல.”

“அது பயண நாள், விஜி.”

“உங்களுக்குப் பயண நாள். எனக்கு நீங்க வந்த நாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிட்டர் ஜெபாம்மாட்ட கேட்டுட்டேன். வந்த நாளும் கணக்கு, போற நாளும் கணக்கு.”

“எப்போ கேட்ட?”

“நீங்க பாத்ரூமுக்குள்ள உக்காந்து டிக்கெட் போட்டீங்கல்ல, அதுக்கு மறுநாள். பொறவுதான் சித்தப்பாவ பால்காய்ப்பு தேதிய ஒரு வாரம் தள்ளச் சொன்னேன்.”

கௌதம்ராஜ் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். “அப்போ சம்பளம் பூராவுக்கும் வரியா?”

“பயப்படாதீங்க. அதுக்கு இங்க வரி இல்லையாம். உங்கள மாதிரி ஆளுகளுக்குன்னே தனிக் கட்டம் இருக்காம்.” ஜெபா எழுதிக்கொடுத்த தாளை நீட்டினாள்.

‘குடியிருப்பவர், ஆனால் வழக்கமாகக் குடியிருக்காதவர்.’

இரண்டு முறை வாசித்தார். மகள் நடக்கப் பழகியது, மாமனார் கண் மூடியது, இரண்டையும் அவர் போனில்தான் கேட்டிருந்தார்.

“எம்புட்டு வருசமா உங்களுக்கு ஒரு பேரு தேடினேன்,” என்றாள் விஜி. “சர்க்காருக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. போறதுன்னா போங்க, நேரமாச்சு. பால்காரர் பொன்மணியண்ணன் இன்னும் தெருமுனையிலதான் நிக்காரு. நாளையில இருந்து அரை லிட்டர் போதும்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

கௌதம்ராஜ் தெருமுனைக்குப் போய், தினமும் ஒரு லிட்டர் என்று சொல்லிவிட்டு வந்து, டிக்கெட்டை ரத்து செய்தார்.